பராமரிப்பவரையும் பராமரிப்போம்: பாரிசவாதம் வந்த வீட்டுக்குத் தாதியியல் ஆய்வுகள் சொல்வது

பாரிசவாதம் வந்த ஒருவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் நாளில் குடும்பத்தவரின் கைக்குக் கிடைப்பவை ஒரு கிளினிக் கொப்பியும் ஒரு பை நிறையக் குளிசைகளுமே. நோயாளியைக் கட்டிலில் எப்படிப் புரட்டுவது, எப்படி எழுப்பி இருத்துவது, எதைக் குடிக்கக் கொடுப்பது, எதைக் கொடுக்கக்கூடாது என்பவற்றைப் பல வேளைகளில் யாரும் செய்துகாட்டுவதில்லை. ஆயினும் மறுநாட் காலையிலிருந்து இவையனைத்தையும் ஒருவர் செய்தாக வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவி. இல்லையேல் மகள் அல்லது மருமகள்.

சொந்த ஊரில் இருந்த காலத்தில் இந்தப் பாரம் பலருடைய கைகளில் பகிரப்பட்டிருந்தது. பக்கத்து வளவில் மச்சாள் இருந்தார். வயலுக்குப் போனவர் திரும்பும்வரை மாமி நோயாளியின் அருகே பாயில் இருப்பார். இடம்பெயர்வு அந்தக் கைகளைப் பிரித்துவிட்டது. சிலர் வெளிநாட்டில், சிலர் வேறு மாவட்டத்தில். வாடகை வீட்டிலோ தகரக் கொட்டிலிலோ எஞ்சியிருப்பது நோயாளியும் அவரைப் பார்க்கும் ஒருவருமே. கிணறு தூரம், மலசலகூடம் தூரம். கூலி வேலைக்குப் போகாவிட்டால் அன்று அடுப்பு எரியாது. போனால் நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

இத்தகைய வீடுகளுக்குப் பயன்படக்கூடிய சில ஆய்வுகளை இக்கட்டுரையில் நோக்குவோம். தாதியியல் என்றதும் ஊசி போடுவதும் காயத்துக்கு மருந்து கட்டுவதும் மட்டுமே எமது நினைவுக்கு வருகின்றன. ஆனால் தாதியர் அன்றாடம் செய்யும் சிறு சிறு பணிகளில் எவை உண்மையில் நோயாளியைத் தேற்றுகின்றன, எவை வெறும் பழக்கத்தினால் தொடர்கின்றன என்பதை அளந்து பார்க்கும் ஆராய்ச்சிகள் பல நாடுகளிலும் நடந்துள்ளன. இவற்றின் முறை விவசாயிக்குப் புதியதன்று. புதிய பசளை நல்லதா என்று அறிய விரும்புபவர் ஒரே வயலில் ஒரு பாத்திக்குப் புதியதையும் மற்றப் பாத்திக்கு வழமையானதையும் போட்டு விளைச்சலை ஒப்பிடுவார். ஆய்வாளரும் அவ்வாறே செய்கின்றனர். யார் எந்தப் பாத்தி என்பதைச் சீட்டுக் குலுக்கியதுபோலத் தீர்மானிப்பதால், சுகமாகக்கூடியவர்களை மட்டும் ஒரு பக்கத்தில் சேர்த்துவிட இடமில்லை.

காய்ச்சல், சீனி, விழுங்கல்

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பாரிசவாதச் சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஓர் ஆய்வு 2011 இல் வெளியானது. அதனை நடத்தியவர் அவுஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் தாதியியல் பேராசிரியர் சாண்டி மிடில்ற்றன். புதிய மருந்து எதுவும் பயன்படுத்தப்படவில்லை. முதல் 3 நாட்களுக்கு மூன்று விடயங்களைத் தாதியர் தவறாமற் கவனிக்க வேண்டும் என்று மட்டும் ஒழுங்கு செய்யப்பட்டது. 4 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை உடல் வெப்பத்தை அளந்து, 37.5 பாகை செல்சியசுக்கு ஏறினால் பரசிற்றமோல் கொடுத்தனர். இரத்தத்திற் சீனியின் அளவைப் பார்த்து, கூடினால் இன்சுலின் கொடுத்தனர். வாய்வழியாக எதையும் கொடுப்பதற்கு முன்னர், நோயாளியால் விழுங்க முடிகிறதா என்று பயிற்சி பெற்ற தாதி சோதித்தார்.

பெறுபேறு வியப்பூட்டுவதாக இருந்தது. 90 நாட்களின் பின்னர் பார்த்தபோது, வழமையான பராமரிப்பைப் பெற்ற பிரிவுகளில் 100 பேருக்கு 58 பேர் இறந்தோ, முன்போலத் தம் வேலைகளைச் செய்ய இயலாமலோ இருந்தனர். இந்த மூன்றையும் ஒழுங்காகக் கவனித்த பிரிவுகளில் அத்தொகை 42 ஆக இருந்தது. பனடோல் என்று நாம் அழைக்கும் குளிசையும் ஒரு வெப்பமானியும் ஒரு கரண்டித் தண்ணீரும் இத்தனை பேரின் வாழ்வை மாற்றின.

இதில் குடும்பத்தவர் அறிய வேண்டியது மூன்றாவது விடயமே. பாரிசவாதம் வந்தவர்களிற் பலருக்குத் தொண்டைத் தசைகளும் பலமிழக்கின்றன. கொடுக்கும் நீர் உணவுக்குழாய்க்குப் போகாமல் சுவாசக்குழாய்க்குள் போய் நெஞ்சுச் சளிக்காய்ச்சலை உண்டாக்கும். எமது வீடுகளில் ஒருவர் மயங்கி விழுந்தால் முதலில் நடப்பது, வாயைத் திறந்து தேத்தண்ணியோ சோடாவோ பருக்குவதுதான். அன்பினால் செய்வதே, ஆனால் ஆபத்தானது. வாட்டிலே தாதி “இன்னும் ஒன்றும் கொடுக்க வேண்டாம்” என்று சொன்னால், அவர் திரும்பிய பக்கத்தில் போத்தலை நீட்டாதீர்கள்.

வீட்டில் உணவு கொடுக்கும்போது நோயாளி நிமிர்ந்து இருக்க வேண்டும், முற்றாக விழித்திருக்க வேண்டும். சிறு கரண்டியால் கொடுத்து, விழுங்கியதை உறுதிசெய்த பின்னரே அடுத்ததைக் கொடுங்கள். வழுவாத பக்கத்துக் கொடுப்பால் மெல்லவிடுங்கள். உண்டபின் அரை மணித்தியாலம் படுக்கவிட வேண்டாம். குடிக்கும்போது இருமினாலோ, குரல் தண்ணீருக்குள் இருந்து கதைப்பதுபோலக் கரகரத்தாலோ உடனே நிறுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் கண்டால் ஒரு நாள் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமல் விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். இரத்தக்கட்டியினால் வந்த பாரிசவாதமாயின், சிலருக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தை 4½ மணித்தியாலத்துக்குள் கொடுக்க இயலும். இரத்தக்குழாய் வெடித்து வந்ததாயின் சிகிச்சை வேறு. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், ஸ்கான் பார்க்குமுன் வீட்டில் அஸ்பிரின் கொடுக்கக்கூடாது.

அவசரப்பட்டு எழுப்புதல்

“படுக்கவிட்டால் படுத்தே போவார், நடத்துங்கோ” என்று அயலவர் சொல்வதுண்டு. இதனையும் சோதித்தார்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், பிரித்தானியா ஆகிய 5 நாடுகளில் 56 ஆஸ்பத்திரிகளில் 2,104 நோயாளரைக் கொண்டு நடந்த ஆய்வு 2015 இல் வெளியானது. முதல் 24 மணித்தியாலத்துக்குள் எழுப்பி, அதிக நேரம் நடமாட வைத்தவர்களில் 46 வீதத்தினரே 3 மாதத்தில் நல்ல நிலையில் இருந்தனர். வழமைப்படி பார்க்கப்பட்டவர்களில் அது 50 வீதம். ஆகவே முதல் நாளிலேயே உறவினர் கூடி இழுத்து எழுப்ப வேண்டாம். எப்போது, எவ்வளவு என்பதைப் பிசியோதெரபி செய்பவர் சொல்லட்டும்.

இழுப்பது என்றதும் இன்னொன்று. வழுவிய கையைப் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள். தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு விலகி, பின்னர் மாதக்கணக்கில் நோகும்.

இரவு நித்திரை

படுக்கைப்புண் வராமல் இருக்க 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்ட வேண்டும் என்பது தாதியர் யாவரும் படித்த பாடம். வாட்டிலே தாதியர் முறைமாறி வருவர். வீட்டில் மாறுவதற்கு யார்? இரவு 10 மணி, 12 மணி, 2 மணி, 4 மணி என எழும்பும் பெண் 6 மணிக்குத் தண்ணீர் அள்ளப் போகிறார். ஒரு மாதம் இப்படிப் போனால் அவருடைய நிலை என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேரைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். 2013 இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு பகுதியினரை 2 மணித்தியாலத்துக்கும், இன்னொரு பகுதியினரை 3 மணித்தியாலத்துக்கும், மற்றையோரை 4 மணித்தியாலத்துக்கும் ஒருமுறை புரட்டினர். 3 வாரங்களின் பின் புண் வந்தோர் தொகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை.

இதை வாசித்தவுடன் இன்றிரவே நேரத்தைக் கூட்டிவிட வேண்டாம். அவர்கள் அனைவரும் அடர்த்தியான நல்ல ஸ்பொஞ்ச் மெத்தையிற் படுத்திருந்தவர்கள். ஏற்கெனவே புண் இருந்தவர்களும் மிகக்கூடிய ஆபத்து நிலையில் இருந்தவர்களும் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. பாயிலும் பலகையிலும் நைந்துபோன தும்பு மெத்தையிலும் கிடப்பவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவருக்கு 2 மணித்தியாலமே சரி. ஆயினும் இதிலிருந்து ஒரு உண்மை விளங்குகின்றது. நல்ல மெத்தை நோயாளியின் முதுகுக்கு மட்டும் உரியதன்று. பார்ப்பவரின் நித்திரைக்கும் உரியது. வெளிநாட்டிலுள்ள உறவினர் “என்ன அனுப்ப?” என்று கேட்டால், ஹோர்லிக்ஸ் போத்தல்களை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள் என்பது எனது அபிப்பிராயம். மெத்தை கிடைத்தபின் உங்கள் நோயாளியை எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டலாம் என்று கிளினிக்கில் தாதியிடம் கேட்டு அறியுங்கள்.

எப்படியாயினும் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பிட்டம், இடுப்பெலும்பு, குதிக்கால், தோட்பட்டை ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின்னும் சிவப்பு மறையாவிட்டால் அது புண்ணின் தொடக்கம். அந்தப் பக்கத்தில் மீண்டும் படுக்கவிடாதீர்கள். அவ்விடத்தைத் தேய்க்கவும் வேண்டாம்.

பழக்கிவிட்டால் நோயாளி நடப்பாரா?

வீட்டுக்கு அனுப்புமுன் குடும்பத்தவரைப் பழக்கினால் என்ன நடக்கும் என்பதை லண்டனில் ஆராய்ந்தனர். 300 நோயாளரும் அவர்களைப் பார்ப்போரும் பங்குபற்றிய அவ்வாய்வு 2004 இல் வெளியானது. அரை மணித்தியாலம் முதல் முக்கால் மணித்தியாலம் வரையான 3 தொடக்கம் 5 பாடங்கள். தூக்குதல், இடம்மாற்றுதல், படுக்கைப்புண்ணைத் தவிர்த்தல், மலசலம் கழிக்க உதவுதல், உணவூட்டல், பேச்சு இழந்தவருடன் கதைத்தல் ஆகியவற்றைக் கையால் செய்து பழக வைத்தனர். பின்னர் ஒருமுறை வீட்டுக்கும் போய்ப் பார்த்தனர்.

ஒரு வருடத்தின் பின், பயிற்சி பெற்றோருக்குப் பாரமும் பதகளிப்பும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன. நோயாளரின் மனநிலையும் அவ்வாறே மேம்பட்டிருந்தது. செலவும் குறைந்தது. ஆனால் நோயாளரின் இயலாமை குறையவில்லை, இறப்பும் குறையவில்லை.

இந்த நல்ல செய்தியைக் கண்டு பிரித்தானியாவின் 36 சிகிச்சைப் பிரிவுகளுக்கு இப்பயிற்சியை விரித்து 928 குடும்பங்களில் சோதித்தனர். 2013 இல் வந்த முடிவு ஏமாற்றமளித்தது. 6 மாதத்தில் நோயாளரிலும் வேறுபாடில்லை, பார்ப்போரின் பாரத்திலும் வேறுபாடில்லை. நோய் வந்து திகைத்து நிற்கும் முதல் வாரங்கள் படிப்பதற்கு ஏற்ற காலமல்லாமல் இருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர் கூறிய காரணங்களுள் ஒன்று. எமது அயலான இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2017 இல் வெளிவந்தது. பிசியோதெரபி கிடைக்காத இடங்களில் குடும்பத்தவரே பயிற்சி கொடுத்தால் நோயாளி தேறுவாரா என்பதே கேள்வி. 6 மாதத்தின் பின் இறந்தோரும் பிறர் உதவியில் தங்கியிருந்தோரும் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 47 வீதம். பயிற்சி பெறாத குடும்பங்களிலும் 47 வீதம்.

இவற்றை நாம் எப்படி விளங்கிக்கொள்வது? பிசியோதெரபி வீண் என்பது இதன் பொருளன்று. ஒழுங்கமைந்த பாரிசவாதப் பிரிவிற் கிடைக்கும் கூட்டுச் சிகிச்சை உயிரையும் இயக்கத்தையும் காக்கிறது என்பது நன்கு நிறுவப்பட்டுள்ளது. இம்மூன்று ஆய்வுகளும் சொல்வது வேறு. பயிற்சி பெற்ற ஆட்கள் செய்ய வேண்டிய வேலையைக் குடும்பத்தவரின் தலையில் வைத்துவிட்டு அதே விளைவை எதிர்பார்க்க முடியாது.

வீடுகளைச் சந்திக்கப் போகும்போது ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகின்றது: “இவ ஒழுங்காக எண்ணெய் பூசிப் பிடிச்சுவிட்டிருந்தால் மனிசன் இப்ப எழும்பி நடந்திருப்பார்.” சில வேளைகளில் அதைச் சொல்வது மாமியார். சில வேளைகளில் தொலைபேசியில் கனடாவிலிருந்து சொல்லும் மைத்துனர். பல வேளைகளில் அப்பெண் தனக்குத் தானே சொல்லிக்கொள்கின்றார். ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அளந்து பார்த்தபின் கிடைத்த முடிவு அந்தப் பேச்சுக்கு ஆதாரம் தரவில்லை. மூளையில் எந்தப் பகுதி, எவ்வளவு சேதமுற்றது, எவ்வளவு விரைவாகச் சிகிச்சை கிடைத்தது என்பனவே பெரும்பாலும் மீட்சியைத் தீர்மானிக்கின்றன. ஒரு கை திரும்ப இயங்காமற் போனதற்கு, அதைப் பிடித்துவிட்டவரைக் குற்றவாளியாக்குவது அநியாயம்.

அப்படியானால் பழகத் தேவையில்லையா என்று கேட்பீர்கள். பழகத்தான் வேண்டும், நோயாளி தேறுவதற்காக மட்டுமன்றி, உங்கள் இடுப்பு முறியாமல் இருப்பதற்காகவும். வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு முன்னரே வாட்டுத் தாதியிடம் “சொல்ல வேண்டாம் மிஸ், ஒருக்கால் செய்து காட்டுங்கோ, பிறகு நான் செய்யிறன், நீங்கள் பாருங்கோ” என்று கேளுங்கள். ஒரு மாதத்தின் பின் கிளினிக்குக்குப் போகும்போது மீண்டும் கேளுங்கள். அப்போதுதான் எதைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பார்ப்பவரின் உடம்பு

அமெரிக்காவில் 66 முதல் 96 வயது வரையான கணவன் மனைவியரை 4 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 1999 இல் வெளியானது. நோயுற்ற துணையைப் பார்த்து, அதனால் மிகுந்த சிரமத்தை உணர்ந்தவர்கள், அத்தகைய பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 வீதம் கூடுதலாக இறந்தனர். பார்த்தாலும் சிரமத்தை உணராதவர்களிடம் அந்த அதிகரிப்பு இல்லை. 2013 இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, பராமரிப்போர் 3,503 பேரை அவர்களையொத்த மற்றையோருடன் ஒப்பிட்டு, பராமரிப்போரின் இறப்பு 18 வீதம் குறைவு எனக் கண்டது. இரண்டும் முரண்போலத் தோன்றும். என் வாசிப்பில் முரண் இல்லை. ஒருவரைப் பார்ப்பது ஆளைக் கொல்வதில்லை. துணையின்றி, ஓய்வின்றி, முடிவு தெரியாமற் பார்ப்பதுதான் ஆபத்து.

இந்தப் பாரத்தை அளப்பதற்கு 1980 இல் ஸ்ரீவன் சாரிற் என்பவரும் அவரது குழுவினரும் ஒரு வினாக்கொத்தை ஆக்கினர். பின்னர் 22 கேள்விகளாகச் சுருக்கப்பட்ட அது பல நாடுகளில் இன்றும் பயன்படுகின்றது. கிளினிக்கில் அது கேட்கப்படும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பார்க்கும் பெண் தன்னுடைய பிறசர்க் குளிசையைக் கடைசியாக எப்போது எடுத்தார்? கடைசியாக இருந்து சாப்பிட்டது எப்போது? ஒரே இரவில் தொடர்ந்து 4 மணித்தியாலம் நித்திரை கொண்டது எப்போது? நோயாளி மீது கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வருகிறதா? காரணமின்றி அழுகை வருகிறதா? கடைசி இரண்டையும் வெட்கத்துக்குரியனவாக எண்ணி மறைக்கின்றனர். அவை களைப்பின் அறிகுறிகள். காய்ச்சலை வைத்தியரிடம் சொல்வதுபோல இவற்றையும் சொல்லலாம். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குப் போக வேண்டும். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கமும் உண்டு.

வருவோர் எல்லாரும் நோயாளியிடமே சுகம் விசாரித்து, பிஸ்கற் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போகின்றார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவதும் இந்தப் பெண்ணுக்கு இன்னொரு வேலையாகிறது.

சங்கக் கூட்டத்திற் கதைப்பதற்கு

காலபோகத்தில் ஒருவர் வயலில் மற்றவர் மாறி மாறி வேலை செய்வது எமக்குப் பழக்கமானது. அதே முறையில், கிழமையில் ஓர் இரவும் ஒரு பகலும் அயலவர் மாறி இருந்தால் பராமரிப்பவரின் பாரம் எவ்வளவு குறையும் என்பதை எந்த ஆய்வும் எமக்காக அளக்கவில்லை. இது என்னுடைய முன்மொழிவு மட்டுமே. நடைமுறைக்கு ஒத்துவருமா என்று நீங்களே தீர்மானியுங்கள்.

அதற்கு முதலில் கணக்கு எடுக்க வேண்டும். உங்கள் வட்டாரத்தில் படுக்கையில் உள்ளோரை ஒருவரையொருவர் அறிவீர்கள். அவர்களைப் பார்ப்போரின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே, அவர் இல்லாத நேரத்தில் அவ்விடத்தில் நிற்கக்கூடிய இரண்டாவது ஆளின் பெயரை எழுதுங்கள். இரண்டாவது பெயர் இல்லாத வீடுகள் எத்தனை? அவற்றுள் எந்த வீட்டுக்கு யார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போவது? பெண் நோயாளியாயின் யார் போகலாம்? நோயாளியைப் புரட்டவும் உணவூட்டவும் ஒருநாள் வந்து செய்துகாட்டும்படி அருகிலுள்ள ஆஸ்பத்திரித் தாதியை அழைப்பதாயின் யார் போய்க் கேட்பது? அந்தப் பாடத்தின்போது படுத்துக் காட்டுவதற்கு ஓர் ஆளும், ஒரு கட்டிலும், ஒரு கதிரையும் தேவைப்படும்.